அறுபத்து நான்கு கட்டங்களும் ஏழு பகா எண்களும்



இந்த உரைக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் ஒரு சதுரங்கப் பலகையை விரித்தேன். பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இட்லி அரிசியை எண்ணி வைக்க ஆரம்பித்தேன். முதல் கட்டத்தில் 1, அடுத்ததில் 2, பிறகு 4, பிறகு 8. எட்டாவது கட்டத்தில் 128 வைக்கும்போதே அரிசி கோட்டைத் தாண்டிச் சரிந்தது. "தாத்தா, இப்படி எண்ணிக்கிட்டே இருந்தா விடிஞ்சிடும். எடை போட்டுப் பாத்துடலாம்" என்றாள். ஆயிரம் அரிசியைத் தாம்பாளத்தில் எண்ணிப் பிரித்து, சமையலறைத் தராசில் வைத்தோம். சுமார் 20 கிராம். அதற்கப்புறம் எண்ண வேண்டிய வேலை இல்லை, கணக்குதான்.

இரண்டு வரிசை, அதாவது 16 கட்டம் நிரம்ப 65,535 அரிசி வேண்டும். ஒன்றே கால் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு வீட்டின் டப்பாவில் இருக்கும். 21ஆம் கட்டத்துக்கு மட்டும் 21 கிலோ. பாதிப் பலகை, 32 கட்டம் நிரம்புவதற்கு 86 டன். எட்டு ஒன்பது லாரி லோடு. ஓர் அரிசி ஆலை மனம் வைத்தால் கொடுத்துவிடும். முழுப் பலகைக்கோ 36,900 கோடி டன். உலகம் முழுவதும் இன்று ஆண்டுக்கு 50 கோடி டன் அளவில் அரிசி விளைகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் ஒரு பருக்கை உண்ணாமல் சேர்த்து வைத்தால் பலகை நிரம்பும்.

அரசனிடம் இப்படிப் பரிசு கேட்ட அறிஞனின் கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்ற அரபு மொழி வரலாற்றாசிரியர் அதை எழுதிவைத்திருக்கிறார். கேரளத்து அம்பலப்புழையில் அதுவே கண்ணன் கோயில் பால்பாயசத்தின் கதையாக வழங்குகிறது: அடைக்க முடியாத நெல் கடனுக்கு ஈடாக அரசன் நாள்தோறும் பாயசம் படைக்கிறான். கதை அழகானது. ஆனால் கதை சொல்பவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். "எவ்வளவு பெரிய எண்!" என்று வியப்பதோடு சரி. அந்த எண்ணைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை. ஓர் எண் பெரியது என்பது அதைப் பற்றிச் சொல்லக்கூடிய செய்திகளிலேயே மிகச் சாதாரணமானது. இன்று அதைத் திறந்து பார்க்கப்போகிறோம்.

எண் இதுதான். நம் முறைப்படி காற்புள்ளி இட்டு எழுதுகிறேன்: 1,84,46,74,40,73,70,95,51,615. இருபது இலக்கம். 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடியும் சில்லறையும்.

64 எண்களைக் கூட்டாமலே இதை எப்படிப் பெறுவது? ஒரே ஓர் அரிசியைக் கடன் வாங்குங்கள். அதை முதல் கட்டத்தில் வையுங்கள். அங்கே இப்போது 2. இரண்டாம் கட்டத்திலும் 2தான் இருக்கிறது. முதல் கட்டத்தை வழித்து இரண்டாம் கட்டத்தில் தள்ளுங்கள். அங்கே 4 ஆகிவிட்டது. மூன்றாம் கட்டத்திலும் 4. மறுபடி வழித்துத் தள்ளுங்கள், 8. இப்படியே போனால் பலகை முழுவதும் காலியாகி, எல்லா அரிசியும் 64ஆம் கட்டத்தில் இரு மடங்காகக் குவிந்து நிற்கும். 65ஆம் கட்டம் ஒன்று இருந்தால் அதில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு: 2இன் 64ஆம் அடுக்கு. கடன் வாங்கிய ஓர் அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மிச்சம் நம் எண்.

2இன் 64ஆம் அடுக்கைக் காண 63 முறை இரட்டிக்க வேண்டுமா? வேண்டாம். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அல்பிரூனி என்ற அறிஞர் இதே சதுரங்கக் கணக்கை வர்க்கம் எடுத்து எடுத்தே போட்டிருக்கிறார். 2இன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, பிறகு 256, பிறகு 65,536, பிறகு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296, இன்னும் ஒரு வர்க்கம் எடுத்தால் வந்துவிட்டோம். ஆறே பெருக்கல்.

இந்த ஆறு படிகளில்தான் எண்ணின் உள்கட்டு தெரிகிறது. பலகையையே பாருங்கள். முதல் இரண்டு கட்டத்தில் 1, 2, கூட்டினால் 3. அடுத்த இரண்டு கட்டத்தில் 4, 8. ஒவ்வொன்றும் முந்தைய ஜோடியைப் போல 4 மடங்கு. ஆக நான்கு கட்டத்தில் இருப்பது 3இன் ஒரு பங்கும் 3இன் நான்கு பங்கும்; 3 × 5 = 15. அடுத்த நான்கு கட்டம் முதல் நான்கைப் போல 16 மடங்கு. ஆகவே முதல் வரிசை முழுவதும் 15 × 17 = 255. இரண்டாம் வரிசையின் ஒவ்வொரு கட்டமும் முதல் வரிசையில் அதற்கு நேரான கட்டத்தைப் போல 256 மடங்கு. ஆகவே இரண்டு வரிசை 255 × 257. அடுத்த இரண்டு வரிசை 65,536 மடங்கு; நான்கு வரிசைக்கு 65,537ஆல் பெருக்க வேண்டும். எஞ்சிய பாதிப் பலகைக்கு 4,29,49,67,297ஆல்.

ஒரு கட்டத்தில் தொடங்கி, பலகையை இரட்டித்துக்கொண்டே போகிறோம். இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு காரணி வந்து ஒட்டிக்கொள்கிறது: 3, 5, 17, 257, 65537, 4294967297. இந்த ஆறையும் பெருக்கினால் நம் இருபது இலக்க எண். அன்று எண்ணிய முதல் வரிசை 255 அரிசியை என் பேத்தி தரையில் 15 வரிசையாக, வரிசைக்கு 17 என்று அடுக்கினாள். பிறகு கலைத்து, 5 வரிசையாக, வரிசைக்கு 51 என்று அடுக்கினாள். மீதி ஒன்றும் விழவில்லை. பெருக்கல் வாய்பாடு தெரிந்த எந்தப் பிள்ளையும் செய்யக்கூடியது இது.

இந்த ஆறு எண்களும் உருவத்தில் ஒரே குடும்பம்: 2, 4, 16, 256 என்று வர்க்கமாக வளரும் தொடரில் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் இவை கிடைக்கும். பிரான்ஸ் நாட்டு வழக்கறிஞர் பியர் தெ ஃபெர்மா 1640இல் இவற்றைக் கவனித்தார். 3 பகா எண். 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள். இனி வருவனவும் அப்படியே இருக்கும் என்று அவர் நம்பினார். நிறுவல் தன்னிடம் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை நான் மதிக்கிறேன். அவர் வழுக்கிய இடம் சரியாக நம் பலகையின் நடுக்கோடு. ஆறாவது எண்ணாகிய 4294967297இல் நம்பிக்கை உடைந்தது.

உடைத்தவர் லியோனார்ட் ஆய்லர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இளைஞராக இருந்தபோது, 1729இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் ஒரு கடிதத்தில் ஃபெர்மாவின் இந்தக் கூற்றை அவர் காதில் போட்டார். 1732இல் ஆய்லர் விடையைச் சொன்னார்: அது 641ஆல் வகுபடும். 641 × 6700417.

641ஐ எங்கிருந்து பிடித்தார்? 429 கோடிக்கு மேற்பட்ட எண்ணை 3ஆல், 7ஆல், 11ஆல் என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டு போனால் நூற்றுக்கு மேற்பட்ட வகுத்தல்கள் ஆகும். அந்த எண்ணை ஒரு பகா எண் வகுத்தால், அது 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்பது ஆய்லர் பிறகு நிறுவிய விதி. அந்த விதிக்குள் வரும் பகா எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் கிடைத்துவிடுகிறது! கடலில் தேட வேண்டியதை ஒரு கிணற்றுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

வகுத்துப் பார்க்காமலே 641 வகுக்கும் என்று காட்டவும் முடியும். கரும்பலகையில் இரண்டே வரி எழுதுகிறேன்.

641 = 5 × 128 + 1

641 = 625 + 16

இரண்டும் சரியா என்று மனத்துக்குள் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வரி என்ன சொல்கிறது? 5 × 128 என்பது 641இன் மடங்குக்கு ஒன்று குறைவு. மடங்குக்கு ஒன்று குறைவான எண்ணை நான்கு முறை பெருக்கினால், குறை இரண்டிரண்டாகச் சேர்ந்து நிறையாகி, மடங்குக்கு ஒன்று கூடுதலாக வந்து நிற்கும். 5ஐ நான்கு முறை பெருக்கினால் 625. 128 என்பது 2இன் 7ஆம் அடுக்கு. அதை நான்கு முறை பெருக்கினால் 2இன் 28ஆம் அடுக்கு. ஆகவே 625 × 2இன் 28ஆம் அடுக்கு, 641இன் மடங்குக்கு ஒன்று கூடுதல். இப்போது இரண்டாம் வரியைப் பாருங்கள்: 625 என்பது 641க்கு 16 குறைவு. 641இன் மடங்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 625ம் மைனஸ் 16ம் ஒன்றுதான். 16 என்பது 2இன் 4ஆம் அடுக்கு. அதை 28ஆம் அடுக்கோடு சேர்த்தால் 32ஆம் அடுக்கு. ஆகவே மைனஸ் 2இன் 32ஆம் அடுக்கு, மடங்குக்கு ஒன்று கூடுதல். அப்படியென்றால் 2இன் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் மீதியில்லாமல் 641இன் மடங்கு. முடிந்தது.

இதை நான் முதல்முதல் கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கக் கண்டேன். மூன்று முறை சரிபார்த்தேன். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது. பத்து இலக்க எண்ணைத் தொடாமலே அதன் பூட்டைத் திறக்க இரண்டு சின்னக் கூட்டல் போதுமாக இருக்கிறதே என்ற மகிழ்ச்சி.

ஆக நம் எண் முழுவதும் பிரிந்துவிட்டது: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஏழு பகா எண்கள். ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. ஏழில் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லது விட்டுவிடலாம் என்பதால், இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் சரியாக 128. எட்டாம் கட்டத்தின் அரிசி எண்ணிக்கை!

இனிப் பாதிப் பலகைக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த எண்ணின் பேரழகு அங்கேதான் இருக்கிறது.

1796ஆம் ஆண்டு மார்ச் 30. கார்ல் ஃபிரெடரிக் காஸுக்கு இன்னும் பத்தொன்பது நிறையவில்லை. கவராயமும் அளவுக்குறி இல்லாத நேர்கோலும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று அன்று கண்டறிந்தார். கிரேக்கர்கள் மூன்று பக்கம், ஐந்து பக்கம், இரண்டும் சேர்ந்த பதினைந்து பக்கம் வரைந்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஈராயிரம் ஆண்டு எவரும் ஒற்றைப்படையில் புதிதாக ஒன்றைச் சேர்க்கவில்லை. மொழியியலுக்குப் போவதா, கணிதத்துக்குப் போவதா என்று ஊசலாடிக்கொண்டிருந்த பையன், அந்தப் பதினேழால் கணிதத்துக்கு வந்தான். நம் பலகையின் மூன்றாவது காரணி 17 என்பதை மறந்துவிடாதீர்கள்.

1801இல் வெளியிட்ட நூலில் காஸ் பொது விதியைச் சொன்னார்; அதன் மறுபாதியை 1837இல் வாண்ட்ஸெல் என்ற கணித அறிஞர் நிறுவினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை ஃபெர்மாவின் பகா எண்களை வெவ்வேறாக எடுத்துப் பெருக்கியதாக இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே: 3, 5, 17, 257, 65537. ஐந்தையும் பெருக்கினால் 4,29,49,67,295. பாதிப் பலகையின் அரிசி!

இன்னும் சொல்கிறேன். பாதிப் பலகையின் அரிசியை எத்தனை பேருக்கு மீதியில்லாமல் சமமாகப் பங்கிடலாம்? 32 விதங்களில். ஒருவரே முழுவதையும் எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டால் 31. மனிதர் வரையக்கூடியதாக இன்று அறியப்பட்ட ஒற்றைப்படைப் பலகோணங்களும் 31, அதே எண்கள்! 3 பேர், 5 பேர், 15 பேர், 17 பேர், 51 பேர், 85 பேர்... பங்குதாரர்களின் பட்டியலும் பலகோணங்களின் பட்டியலும் ஒன்றே. அரிசிக்கும் வடிவியலுக்கும் இப்படியொரு உறவு இருக்கும் என்று கதை சொன்ன எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

257 பக்கத்துக்கான வழியை ரிச்செலோட் என்ற கணித அறிஞர் 1832இல் எழுதினார். 65,537 பக்கத்துக்கு யோகான் குஸ்டாவ் ஹெர்மெஸ் என்ற ஆசிரியர் பத்தாண்டு உழைத்தார். வரைந்து பார்த்தால் வட்டத்திலிருந்து கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாத உருவம் அது. 1894இல் அதைப் பற்றி எழுதினார். அவருடைய கையெழுத்துத் தாள்களை காட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் காத்து வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பை வீண் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடியும் என்று காஸ் சொன்னார். இதோ என்று கொண்டுவந்து வைக்க ஒருவர் வேண்டியிருந்தது.

இப்போது பாதிப் பலகையிலிருந்து ஒரே ஒரு கட்டத்தை எடுத்துவிடுங்கள். 31 கட்டம். மொத்தம் 2,14,74,83,647. மூன்று பேருக்குப் பங்கிட முடியாது. ஐந்து பேருக்கும் முடியாது. யாருக்குமே முடியாது! அது பகா எண். கண்பார்வையை ஏறத்தாழ முழுதும் இழந்துவிட்ட ஆய்லர்தான் 1772இல் அதையும் நிறுவினார். 32 கட்டத்தில் 31 விதமாகப் பங்கு போகும் அரிசி, 31 கட்டத்தில் ஒருவருக்கும் பணியாத ஒற்றைக் கட்டி. முழுப் பலகையிலிருந்து கடைசிக் கட்டத்தை எடுத்தாலும் அப்படித்தான் முகம் மாறுகிறது. 63 கட்டத்தின் கூட்டுத்தொகையில் 3 இல்லை, 5 இல்லை, 17 இல்லை. அதற்குப் பதில் 7 வருகிறது, அதுவும் இரண்டு முறை. அளவில் இரண்டுமே நம் கற்பனைக்கு எட்டாத பெரிய எண்கள். குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

கணினி படிக்கும் மாணவர்கள் இந்த 2,14,74,83,647ஐப் பார்த்ததும் சிரிக்கிறீர்கள். ஆமாம். 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வை எண்ணிக்கை இதைத் தாண்டியபோது, யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியதாகச் சொன்னது. உங்கள் கைப்பேசியின் 64 பிட் பெட்டியில் எல்லா இடத்திலும் 1 நிரம்பி நின்றால் அதன் மதிப்பு நம் பலகை எண். அதோடு ஒன்றைக் கூட்டச் சொல்லுங்கள். முன்பு நாம் அரிசியை வழித்து வழித்துத் தள்ளினோமே, அதேதான் உள்ளே நடக்கிறது. ஒவ்வொரு கட்டமும் காலியாகி அடுத்ததற்குப் போகிறது. 65ஆம் கட்டம் இல்லாததால் குவியல் விளிம்பைத் தாண்டி விழுந்துவிடுகிறது. பெட்டியில் பூச்சியம்.

கடைசியாக, பலகையை இன்னும் ஒரு முறை இரட்டிப்போம். பக்கத்தில் இரண்டாவது பலகையைப் போட்டு 65ஆம் கட்டத்திலிருந்து தொடர்ந்தால், நம் எண்ணைப் பெருக்க வேண்டிய தொகை 18446744073709551617. நம் எண்ணைவிட இரண்டே இரண்டு கூடுதல். 1880இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர், தம் 82ஆம் வயதில், அதை 274177 × 67280421310721 என்று பிரித்தார். எண்பத்திரண்டு வயதில், காகிதமும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு! கிளாவுசன் என்பவர் 1855இலேயே காஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அதே விடையைச் சொல்லியிருந்தது நெடுங்காலத்துக்குப் பிறகு தெரியவந்தது. அதனால் லாண்ட்ரியின் பெருமை குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை.

பலகைகளை நான்காக்கி, எட்டாக்கி, பதினாறாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். 65,537க்குப் பிறகு சோதித்து முடித்த ஒவ்வொரு காரணியும் பகு எண்ணாகவே இருந்திருக்கிறது. சோதனை இன்று ஓரிடத்தில் நிற்கிறது. 13,42,17,728 சதுரங்கப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, அவற்றை இன்னொரு முறை இரட்டித்தால் வரும் காரணி அது. எழுதினால் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரும். அது பகா எண்ணாக இருந்தால், காஸின் பட்டியலில் 31 ஆக நிற்கும் பலகோணங்கள் ஒரே நாளில் 63 ஆகிவிடும். இல்லையென்றால் எங்கோ அதற்கும் ஒரு 641 உட்கார்ந்திருக்கிறது. இரண்டில் எது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.